உமையாளுக்கு, பைத்தான் வகுப்பு தொடங்கும் முன்

அன்புள்ள உமையா,

நீ காரைக்குடிக்கே திரும்பிவிட்டாய், முதலாமாண்டு பைத்தான் நிரல்மொழி வகுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சிகப்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை பார், அதைப் பொங்கலுக்கு நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன். ஆயாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லாரும் நலம்.

இந்நேரம் கலர் கலராக ஸ்லைடு போட ஆரம்பித்திருப்பாய். நிறுத்து. முதலில் லேப் சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போய் ஒவ்வொரு மெஷினாக ஆன் செய்து பார். விண்டோஸ் 7 இருந்தால் பைத்தான் 3.8 பதிப்புக்கு மேல் ஏறாது. அது சின்ன விஷயம் இல்லை. ஒரு பிள்ளை அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டால், பழைய பைத்தான் அடுத்த வரியைக் காட்டி 'இன்வாலிட் சின்டாக்ஸ்' என்று மட்டும் சொல்லும். அந்த வரியில் தப்பே இருக்காது. பிள்ளை அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கும். 2021-இல் வந்த 3.10-இலிருந்துதான் எந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று அது நேராகச் சொல்கிறது. அதனால் எல்லா மெஷினிலும் 3.10 அல்லது அதற்குப் பிந்தையதைப் போடச் சொல்லிக் கேள், விடாமல் கேள். இன்ஸ்டாலரை ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள், லேபில் நெட்டை நம்பாதே. எடிட்டரில் டேப் அடித்தால் நான்கு இடைவெளி விழும்படி செட்டிங்கையும் மாற்றிவிடு. டேபும் ஸ்பேஸும் கலந்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும், ஆனால் நிரல் ஓடாது.

பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்கள் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் என்று பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். நிறையப் பேருக்கு அது மனப்பாடமாகத்தான் இருக்கும். பக்கத்திலேயே பயாலஜி குரூப் பிள்ளை, கீபோர்டில் அரைப்புள்ளி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும். இரண்டு பேரையும் ஒரே இடத்திலிருந்து கிளப்ப வேண்டுமானால் சமக்குறியில் தொடங்கு. 'அசல் = அசல் + வட்டி' என்று போர்டில் எழுது. கணக்குப் படித்த பிள்ளைக்கு அது வட்டி சைபர் என்று சொல்லும் சமன்பாடு. வலது பக்கத்தை முதலில் கணக்கிட்டு, வந்த விடையை இடது பக்கத்துப் பெயரில் வை என்பது அதற்கு இயல்பாகத் தோன்றாது. இன்னொன்று, பைத்தான் 3-இல் மதிப்பைத் தாங்கும் மாறியின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், அந்த வரி அப்படியே ஓடும். முதல் வாரம் அப்படி ஓடட்டும், பிறகு ஆங்கிலப் பெயருக்கு மாற்றிவிடு.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்கை யாரும் விளக்க வேண்டாம். பத்தாயிரம் ரூபாய், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி, வட்டி மாதாமாதம் அசலோடு சேர்கிறது, எத்தனை மாதத்தில் இரட்டிப்பாகும் என்று கேள். சட்டென்று ஐம்பது என்று குரல் வரும், அது தனிவட்டி. கம்ப்யூட்டரைத் தொடவிடாதே. நோட்டில் மாதம், வட்டி, அசல் என்று மூன்று பத்தி போடச் சொல். முதல் மாதம் 200, 10,200. அடுத்தது 204, 10,404. மூன்றாவது 208.08, 10,612.08. நான்கைந்து வரி போனதும் கை வலிக்கும், நிபந்தனை தீரும்வரை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் வைல் லூப் எதற்கு என்று தானே புரியும். விடை 36. முப்பத்தைந்தாம் மாத முடிவில் 19,998 ரூபாய் 90 காசு, ஒரு ரூபாய் சொச்சம்தான் குறைகிறது. இதையே ஃபார் லூப்பில் ரேஞ்ச்(1, 36) என்று எழுதினால் கடைசி எண் சேராது, 35 சுற்றோடு நின்றுவிடும். ஒன்று கூடுவதும் குறைவதும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

அதே நிரலில் இன்புட் கட்டளையால் அசலை வாங்கி, அதை எண்ணாக மாற்றும் இன்ட் போடாமல் இரண்டால் பெருக்கச் சொல். 1000010000 என்று வரும். நூறு கோடியே பத்தாயிரம்! இன்புட் கொடுப்பது எப்போதும் எழுத்துச்சரம், சரத்தை இரண்டால் பெருக்கினால் இரண்டு தடவை ஒட்டி எழுதும். எரர் வராது, அதுதான் ஆபத்து. எரர் காட்டும் பிழை நல்ல பிழை, சத்தமில்லாமல் தப்பு விடை தருவதுதான் வேலைக்குப் போன பிறகும் விடாது. இப்படி வேண்டுமென்றே தப்பாக எழுதிய நிரல்களை வாரத்துக்கு நான்கு தயார் செய். உன் தயாரிப்பு நேரம் அதில்தான் போக வேண்டும்.

மீதியை விட்டுவிட்டு வகுக்கும் முழுவகுத்தலுக்கு ஆத்தங்குடித் தரைக்கல்லை எடு. அறை 14 அடிக்கு 11 அடி, கல் பத்து அங்குலச் சதுரம். பரப்பைப் பரப்பால் வகுப்பவன் 222 கல் வாங்குவான். நீளவாக்கில் 17, அகலவாக்கில் 14, ஆக 238 வேண்டும். பூவேலைக் கல்லில் வெட்டிய துண்டை வேறிடத்தில் வைக்க முடியாதே! முழுவகுத்தலுக்கான இரட்டைச் சாய்கோடு 168 அங்குலத்தை 10-ஆல் வகுத்து 16 தரும், மேல்நோக்கி முழுமையாக்க 9-ஐக் கூட்டிவிட்டு 10-ஆல் வகுக்க வேண்டும். ஒரு லூப்புக்குள் இன்னொன்று ஓடும் அடுக்கு லூப் வரும்போது அதே தரையில் வரிசை எண்ணையும் பத்தி எண்ணையும் கூட்டி, இரண்டால் வகுத்த மீதியை வைத்து நிறம் மாற்றச் சொல்.

அண்ணா பல்கலைக்கழக 2021 ஒழுங்குமுறைதான் உனக்கும் என்றால் முதல் அலகிலேயே தட்டுகளைக் கம்பத்துக்குக் கம்பம் மாற்றும் ஹனாய் கோபுரப் புதிர் இருக்கும். மாறி என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைக்கு அது வெறும் விளையாட்டுக் கதை. அன்றைக்கு மரத்தட்டுகளை நகர்த்திக் காட்டிவிட்டு விடு, ஃபங்ஷன் முடித்த பிறகு திரும்ப எடு. அங்கே திரையில் காட்டும் பிரின்ட் வேறு, விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் வேறு என்பதற்கு மட்டும் ஒரு முழு வகுப்பு வை. திரையில் 'நன்' (None), அதாவது ஒன்றுமில்லை, என்று வந்தால் பாதிப்பேருக்குக் காரணம் தெரியாது.

எனக்கு உண்மையில் கவலை ரெக்கார்டு நோட்டைப் பற்றித்தான். பட்டியலில் உள்ள நிரல்களை போனில் கேட்டு வாங்கி, அழகாக எழுதி, கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். தடுத்துப் பயனில்லை. வைவாவில் அவர்கள் எழுதிய நிரலையே திறந்து, இந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் என்ன அச்சாகும் என்று கேள். புரிந்து எழுதியவள் பத்து நொடியில் சொல்வாள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் தன்னையே திட்டுகிறது என்று நினைத்து ஒடுங்கிப்போகிறார்கள், உமையா. எரரின் கடைசி வரியை உரக்கப் படிக்க வை, தமிழில் சொல்ல வை. முதல் மாதம் இதற்கு மதிப்பெண்ணே கொடு. பராமரிப்புக்கு என்று கரண்ட் எடுக்கும் நாளில் வகுப்பை ரத்து செய்யாதே, அன்றைக்கு முழுவதும் நோட்டில் ஓட்டிப் பார்க்கட்டும்.

லேபில் என்ன விண்டோஸ், எத்தனை மெஷின் ஓடுகிறது, ஒரு பேட்சில் எத்தனை பேர் என்று பார்த்து உடனே எழுது. விண்டோஸ் 7-தான் என்றால் 3.8-இல் வரும் எரர்களுக்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு தயார் செய்து அனுப்புகிறேன். முதல் இன்டர்னல் வினாத்தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்குக் காட்டு.

அன்புடன்,
விசாலம்