பில் இல்லாத க்ரீம்: ஃபேன்சி ஸ்டோர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். சிறு நகரம் ஒன்றில் 11 ஆண்டுகளாக அழகு நிலையம் நடத்திவருகிறேன். மை முதல் உதட்டுச் சாயம் வரை என் சரக்கில் பெரும்பகுதியை உங்கள் கடைகளில்தான், பல மாதங்கள் கடனுக்கும், வாங்கியிருக்கிறேன்.

சென்ற மாதம் கல்யாணப் பெண் ஒருத்திக்காகச் சிவப்பழகு க்ரீம் ஒன்று வாங்கினேன். அட்டைப்பெட்டியில் தயாரிப்பாளர் முகவரியும் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை, இறக்குமதிப் பதிவெண்ணும் இல்லை. தனியாக ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் கிளப்பிப் பார்த்தால், அடியில் காலாவதித் தேதி சுரண்டப்பட்டிருந்தது. பில் கேட்டதற்கு, “இதுக்கெல்லாம் பில் வராதுக்கா, ஆனா ஒரே வாரத்துல கலர் தெரியும்” என்றார் கடைக்காரர்.

ஒரே வாரத்தில் தெரியும் அந்தக் கலர்தான் எனக்கு அச்சம் தருகிறது. இப்படிப்பட்ட க்ரீம்களில் பாதரசம் கலந்திருக்கக்கூடும். அது தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் தோல் சட்டென்று வெளுக்கும்; உள்ளே ஊறிய பாதரசமோ சிறுநீரகத்தில் போய்ச் சேரும். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ‘மெம்பரனஸ் நெஃப்ரோபதி’ நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் ஒரு குறிப்பிட்ட வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள்.

கண்ணுக்கான பொருட்கள் தவிர மற்ற எதிலும், தற்செயலாகக் கலந்ததே ஆனாலும், பாதரசம் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, என்ற அளவைத் தாண்டக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள். அதை முகர்ந்தோ தொட்டோ உங்களாலும் கண்டுபிடிக்க முடியாது, என்னாலும் முடியாது. மருந்துக் கடையைப் போல இவற்றை விற்பதற்கு உரிமமும் தேவையில்லை என்பதால், எந்தச் சரக்கை உள்ளே விடுவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

“விலங்குகள் மேல் சோதிக்காததுதானே?” என்று கல்லூரிப் பெண்கள் இப்போது கேட்கிறார்கள். அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதியை இந்தியா 2014-இலேயே தடை செய்துவிட்டது. ஆனால் யார் இறக்கியது என்றே தெரியாத டப்பாவுக்கு யார் பொறுப்பேற்பார்கள்? மினுமினுப்புத் தூளில் சேரும் மைக்கா என்ற கனிமம், ஜார்க்கண்டின் கோடர்மா பக்கம் சுரங்கங்களில் குழந்தைகள் பொறுக்கியதா என்பதற்கு, பில்லோடு வாங்கும் சரக்கிலும் எனக்கு முழு விடை கிடைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் கேட்டு எழுத அதில் ஒரு முகவரியாவது இருக்கிறது.

கம்பெனிச் சரக்கில் உங்களுக்கு நிற்கும் லாபம் சொற்பம் என்பதை அறிவேன். பேட்ச் எண்ணோடு பில் போட்டுத் தருவீர்களானால் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கிறேன். இல்லையென்றால், கடனுக்குக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

அந்த டப்பா பிரிக்கப்படாமல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை. அதைக் கடைக்குக் கொண்டுவந்து போட்டவரின் பெயரையும் முகவரியையும் எழுதித் தந்தால் போதும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு நான் எழுதிவைத்திருக்கும் புகாரில் அந்த இடம் மட்டும்தான் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
அழகு நிலையம் நடத்தும் உங்கள் வாடிக்கையாளர்