பழுதுபார்க்கும் உரிமையும் நம் ஜாப் கார்டும்: செயலாளரின் ஆண்டறிக்கை

சனிக்கிழமை வேலையைப் பாதியில் நிறுத்தி, வாகனப் பட்டறையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் நம் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். புரட்டாசி என்பதால் இன்றைக்குச் சாப்பாடு சைவம். சமையலைப் பொறுப்பெடுத்துக்கொண்ட அக்காமார்களுக்கு முதலில் நன்றி.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் தொழிலைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் தென்னாப்பிரிக்காவில் பதிவான வாகனங்கள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். புது வண்டி வாங்கக் கையில் காசில்லாதவர்கள் பழையதையே பிடித்து ஓட்டுகிறார்கள். ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் டொயோட்டா டாஸ் காரின் உற்பத்தி 2006-இலேயே நின்றுபோனது. ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃபின் உற்பத்தி 2009-இல் நின்றது. இரண்டும் இன்னும் டர்பனில் நம் சாட்ஸ்வொர்த்தின் மேடுகளில் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன, நம் பட்டறைக்கும் வருகின்றன. பேருந்து, லாரிகளுக்குக் குறித்த காலத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனை உண்டு. சொந்தக் காருக்கோ கை மாறும்போதுதான் ரோட்வொர்த்தி என்ற அந்தத் தகுதிச் சோதனை. ஒரே ஆள் பத்து வருடம் வைத்திருந்தால் பத்து வருடமும் அந்த வண்டியின் பிரேக்கை அரசாங்கத்தில் யாரும் பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்கிறோம். ஆயில் மாற்ற வந்த வண்டியானாலும் சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடைப் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது அதனால்தான்.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022, 2023-இல் லிஃப்டில் வண்டி பாதி உயரத்தில் நிற்க, கம்ப்ரஸர் அடங்கிப்போக, நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2024 மார்ச் 26-க்குப் பிறகு மின்வெட்டு பெருமளவு நின்றது. ஜெனரேட்டருக்கு வாங்கிய கடன்தான் பலருக்கு இன்னும் தீரவில்லை.

இனி முக்கியமான விஷயம். வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் போட்டி ஆணையத்தின் வாகனப் பின்சந்தை (விற்ற பிறகான சர்வீஸ், பாகங்கள்) வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. வாரண்டி முடியாத காரையும் சொந்தக்காரர் தனக்குப் பிடித்த பட்டறையில் சர்வீஸ் செய்யலாம். அதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்ய முடியாது. நாம் செய்த வேலையாலோ, போட்ட பாகத்தாலோ ஏதாவது கெட்டுப்போனால் அந்தப் பகுதிக்கு மட்டும் வாரண்டி போகலாம். சர்வீஸ் பிளானை வண்டி விலையோடு சேர்த்துத் தலையில் கட்டக் கூடாது. பழுதுபார்க்கத் தேவையான தொழில்நுட்பத் தகவலை நம்மைப் போன்ற தனிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும். இதற்காக நம் தொழிலில் இருப்பவர்கள் பல வருடம் போராடினார்கள். ஆனால் இது சட்டம் அல்ல, நெறிதான். வழக்கு என்று வந்தால் ஆணையமும் தீர்ப்பாயமும் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும், அவ்வளவுதான். ஆக, நம் பக்கம் ஆதாரம் இருந்தால்தான் பேச முடியும்.

இந்த ஆண்டு சங்கத்துக்கு வந்த இரண்டு புகார்களைச் சொல்கிறேன். ஒரு அக்காவின் இரண்டு வயதுக் காருக்கு நம் உறுப்பினர் ஆயில் சர்வீஸ் செய்திருந்தார். பிறகு ஏசி மின்விசிறி நின்றுபோக, விற்ற இடத்தில் “வெளியே சர்வீஸ் செய்துவிட்டீர்கள், வாரண்டி கிடையாது” என்று சொல்லிவிட்டார்கள். ஆயிலுக்கும் ஏசி விசிறிக்கும் என்ன சம்பந்தம்? நம் உறுப்பினரிடம் ஜாப் கார்டு, அதாவது செய்த வேலையை எழுதி வைக்கும் அட்டை, இருந்தது. ஆயில் கிரேடு, ஃபில்டரின் பார்ட் நம்பர், கிலோமீட்டர், தேதி எல்லாம் அதில் எழுதியிருந்தார். நெறிகளைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, கார்டின் நகலையும் வைத்து அனுப்பினோம். மூன்று வாரத்தில் விசிறியை மாற்றித் தந்தார்கள்.

இரண்டாவது புகாரிலும் அதே மாதிரி ஆயில் வேலைதான். சுத்தமான வேலை, நான் போய்ப் பார்த்தேன். ஆனால் எழுதி வைத்தது ஒன்றுமில்லை. ரொக்கம், கைகுலுக்கல், அவ்வளவே. என்ன ஆயில் ஊற்றினோம் என்று காட்ட வழியில்லாமல் வேலை செய்த தம்பி தன் கையிலிருந்தே எஞ்சின் செலவைக் கொடுத்தார். அன்று அவர் முகத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

ஆகவே நிர்வாகக் குழு முடிவெடுத்து, எல்லா உறுப்பினருக்கும் ஒரே மாதிரி ஜாப் கார்டு அச்சடித்திருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கேட்பதும் அதில் இருக்கிறது: வேலை தொடங்கும் முன் கொட்டேஷனுக்கு ஒப்புதல் கையெழுத்து, போட்ட பாகத்துக்கு மூன்று மாத உத்தரவாதம், கழற்றிய பழைய பாகம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கட்டம். வேண்டும் என்றால் சுத்தமான பையிலோ பெட்டியிலோ போட்டுக் கையில் கொடுங்கள். வாடிக்கையாளர் நம்மை நம்புவதற்கு அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

தகவல் கிடைக்கும் என்று நெறி சொன்னாலும், வண்டிக் கணினியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனருக்கும் அதன் வருடச் சந்தாவுக்கும் தனியாள் பணம் கட்ட முடியவில்லை. நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து ஒன்று வாங்கும் யோசனை இன்று விவாதத்துக்கு வருகிறது. எனக்கு அதில் முழுச் சம்மதம். அடுத்தவன் தொழில் ரகசியம் தெரிந்துகொள்வான் என்ற பயத்தை விட்டுவிடுவோம்.

அப்புறம், நம் பெரியவர்கள். இனவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில் முறையான அப்ரெண்டிஸ் வாய்ப்புக் கிடைக்காமல், வீட்டுப் பின்கட்டில் அண்ணன்மாரிடமும் மாமன்மாரிடமும் தொழில் கற்றவர்கள். சத்தத்தைக் கேட்டே டேப்பட்டா, பேரிங்கா என்று சொல்லிவிடுவார்கள். கையில் சான்றிதழ் மட்டும் இல்லை. முன்அனுபவத்தை ஏற்று, தொழில் சான்றிதழுக்கான ட்ரேட் டெஸ்ட் எழுத விடும் வழி இப்போது இருக்கிறது. வேலை செய்த இடங்களின் கடிதம், செய்த வேலைகளின் பதிவு இவற்றைச் சேர்க்க வேண்டும். சங்கத்தில் இரண்டு ஐயாமார்கள் கோப்பு தயார் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆங்கிலப் படிவத்தை நிரப்பப் பேரப் பிள்ளைகள் துணைக்கு இருக்கிறார்கள். மற்ற பெரியவர்களும் கூச்சப்படாமல் வாருங்கள். புதன்கிழமை மாலைகளில் நான் என் பட்டறையில் இருப்பேன். கோப்பை உட்கார்ந்து சேர்ந்தே முடிப்போம்.

ஜாப் கார்டுப் புத்தகங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. போகும்போது ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர்