பனிமூட்டத்தில் பிரைட் லைட் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்புக்காரனுக்குப் பனிமூட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று மலையக வாசகர்கள் சிரிக்கலாம். சரிதான், ஒன்றும் தெரியாது. தெரியாமலேதான் டிசம்பர் விடுமுறைக்கும் ஏப்ரல் சீசனுக்கும் எங்களில் பலர் நுவரெலியாப் பக்கம் வண்டியை விடுகிறோம்.

போன மாதம் கொட்டகலையில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். வேலை முடிந்து புறப்பட்டதால் கினிகத்தேனை தாண்டும்போதே நன்றாக இருட்டிவிட்டது. வட்டவளையில் வழக்கமான மழை, அதைக் கடந்தால் திடீரென்று பனி. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், தூரத்துக்கு அடிக்கும் பிரைட்டைத் தட்டினேன். கண்ணாடிக்கு முன்னால் யாரோ வெள்ளை வேட்டியைப் பிடித்து விரித்த மாதிரி ஆகிவிட்டது, வீதியும் இல்லை, மதகும் இல்லை. "லைட்டைக் குறையுங்கோ" என்று மனைவி கத்தியதும் டிம்முக்கு மாற்றினேன். அப்புறம்தான் இடது பக்கத்து வெள்ளைக்கோடு துண்டு துண்டாகத் தெரிந்தது, பத்துப் பன்னிரண்டு மீட்டர் தூரத்துக்கு.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பனி என்பது காற்றில் மிதக்கும் பொடித் தண்ணீர்த் துளிகள். நாம் அனுப்பும் வெளிச்சத்தை அவை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன, அதில் ஒரு பங்கு திரும்பி நம் கண்ணுக்கே வருகிறது. பிரைட் லைட் நேராகவும் மேலாகவும் போவதால் நாம் பார்க்கும் கோட்டிலேயே அந்த வெள்ளைச் சுவரைக் கட்டிவிடுகிறது. பனிக்கென்றே உள்ள ஃபொக் லைட்டைப் பம்பருக்குக் கீழே வைத்து, வெளிச்சத்தை அகலமாக, மேல் விளிம்பு வெட்டினது போல விடுவதும் இதற்காகத்தான். அப்படியிருக்க வேன் கூரையில் எல்.ஈ.டி. பார் என்ற நீள விளக்குப் பட்டையைப் பூட்டுகிறார்களே, பனியில் அதைவிட மோசமான இடம் கிடையாது. மஞ்சள் லைட் பனியை ஊடுருவும் என்பார்கள், அதுவும் பெரிய உண்மை இல்லை. பனித்துளிக்கு மஞ்சளும் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றுதான், கண் கூசுவது கொஞ்சம் குறையலாம், அவ்வளவே.

சரி, என் கண்ணை நான் கெடுத்துக்கொள்வது என் பாடு. எதிரே வருபவர்? அட்டனுக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில் அப்படிக் கூரையில் பார் பூட்டிய ஒரு வேன் வந்தது. அது கடந்துபோன பிறகும் சில விநாடிகள் எனக்கு எதுவுமே தெரியவில்லை (வயது ஐம்பதைத் தாண்டினால் கண் பழைய நிலைக்கு வர இன்னும் நேரமெடுக்கும், அனுபவத்தில் சொல்கிறேன்). மணிக்கு 40 கிலோமீட்டரில் போனாலே ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும், ஆபத்தைக் கண்டு, சுதாரித்து, பிரேக்கை மிதித்து முழுதாய் நிற்க 25 மீட்டர் வரை வேண்டும், நனைந்த வீதியில் இன்னும் கூட. எனக்குத் தெரிந்ததோ பன்னிரண்டு மீட்டர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அப்போது நான் 20இல்தான் போனேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த வேன் சாரதியை முழுதாகத் திட்டவும் எனக்கு வாயில்லை. என் வண்டியிலும் அன்றைக்கு இருந்தது வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கிய எல்.ஈ.டி. பல்ப்தான். "போட்டுப் பாருங்கோ அண்ணே, பகல் மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். பகல் மாதிரிதான் இருந்தது, எதிரே வந்தவர்களுக்கு. பழைய வகை ஹலஜன் பல்புக்காகச் செய்த ஹெட்லைட் கிண்ணத்தில் வேறு வடிவப் பல்பைச் செருகினால், வெளிச்சம் புறப்படும் இடம் மாறி, டிம்மில் போட்டாலும் மேல்நோக்கிச் சிதறும். டிம் போட்டுத்தான் வருகிறேன் என்று மனசாட்சியோடு சொல்பவர்களும் மற்றவர் கண்ணைக் குத்துவது இப்படித்தான்.

ஒவ்வொரு வருடமும் வாகன வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிறோம். அந்த இடத்திலேயே ஹெட்லைட் எந்த உயரத்தில் அடிக்கிறது என்று பார்த்தால் என்ன? நாம் பழைய வண்டிகளை இறக்கும் ஜப்பானில் வாகனப் பரிசோதனையில் அதையும் பார்க்கிறார்கள். வீதிப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு இன்னொன்று: பனியில் சாரதிக்கு இருக்கும் ஒரே துணை ஓரத்து வெள்ளைக்கோடுதான். வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையில் பல இடங்களில் அது அழிந்து கிடக்கிறது, அடுத்த சீசனுக்கு முன் ஒருமுறை பூசிவிடுங்கள்.

நான் திரும்பி வந்த மறுநாளே பழைய ஹலஜனை மாட்டிவிட்டேன். எல்.ஈ.டி. சோடியைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாராம், பில்லில் போட்டிருக்கிறதாம்.

வெள்ளவத்தை வாசகர்,
கொழும்பு 06