காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். விளையாட்டுப் போட்டியிலும் அறிவியல் கண்காட்சியிலும் பரிசு வாங்கியவர்களுக்கு வாழ்த்துகள். விடைத்தாள்கள் இந்த வாரம் வீட்டுக்கு வரும். பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

அப்புறம், காய்ச்சல் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

மலேரியா குணமாகித் திரும்பியிருந்த ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குப் போன வாரம் மறுபடியும் குளிர்காய்ச்சல். பெஞ்சில் உட்கார முடியாமல் நடுங்கினான். அவன் ஜாமெட்ரி பாக்ஸில் மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. "காய்ச்சல் விட்டுடுச்சு சார், அதான் நிறுத்திட்டோம்" என்றார் அம்மா. பல வீடுகளில் நடப்பதுதான் இது.

சென்னையில் அதிகம் வருவது வைவாக்ஸ் வகை மலேரியா. மூன்று நாள் குளோரோகுயின் மாத்திரையில் ரத்தத்தில் உள்ள கிருமி ஒழிந்து காய்ச்சல் இறங்கிவிடும். கல்லீரலில் பதுங்கிய கிருமி மட்டும் அப்படியே இருக்கும். அதற்குத்தான் 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை. பாதியில் விட்டால் சில வாரத்திலோ மாதத்திலோ காய்ச்சல் திரும்ப வரலாம். அப்போது அந்தப் பிள்ளையைக் கடிக்கிற கொசு பக்கத்து வீட்டுக்கும் அதைக் கொண்டுபோகும்.

இந்தக் கொசு தேடுவது நல்ல தண்ணீர். மாடித் தொட்டி, கிணறு, கட்டடம் கட்டும் இடத்தில் தேங்கிய நீர் எல்லாம் அதற்குத் தோது. நம் வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் மூடி உடைந்த தொட்டிமேல் பழைய பேனரைப் போட்டுச் செங்கல் வைத்திருக்கிறார்கள். அந்த இடுக்கு போதும். பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். ஐப்பசி மழை வேறு வருகிறது. தயவுசெய்து மூடியை மாற்றுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் உங்களை வரச்சொல்லிக் கூட்டிப்போகச் சொல்வோம். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த பிறகே வகுப்பில் சேர்ப்போம். மாநகராட்சி சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம். ஒடிசா, ஜார்க்கண்ட் மாதிரி மலேரியா அதிகமுள்ள இடங்களுக்குச் சமீபத்தில் போய் வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

விடுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், விட்ட பாடத்தை நாங்கள் நடத்திக் கொடுக்கிறோம். வேலை அவசரத்தில் மாத்திரை மறந்துபோகும் என்றால் டாக்டர் சீட்டோடு கொடுத்தனுப்புங்கள்; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பாசிரியர் முன்னால் போட வைக்கிறோம்.

தொட்டி பார்க்க வரும் மாநகராட்சிப் பணியாளர்களை மாடிக்கு விட்டு உதவும் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்