மூணாவது ஆள் இல்லாத இடம்

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயிறு சினிமா பக்கத்துல வெளிநாட்டு பேய்ப்படங்கள் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். அதுல 'தி லைட்ஹவுஸ்' படத்துக்கு ரெண்டே வரிதான், ரொம்ப ஸ்லோ, கடைசி வரைக்கும் பேயே வரல, ரெண்டு பேருக்கும் பைத்தியம் பிடிக்குது அவ்வளவுதான்னு முடிச்சிட்டாங்க. மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

2019ல ராபர்ட் எக்கர்ஸ் எடுத்த படம். 1890கள்ல அமெரிக்காவுல நியூ இங்கிலாந்து பக்கம் ஒரு பாறைத்தீவு, கலங்கரை விளக்கத்தைப் பாத்துக்க ரெண்டே பேரு, வில்லெம் டஃபோ அதிகாரம் பண்ற பெரியவரு, ராபர்ட் பாட்டின்சன் புதுசா வந்த உதவியாள். நாலு வார டியூட்டி, முடியிற நேரத்துல புயல் பிடிச்சுக்குது, கூட்டிட்டுப் போக வேண்டிய படகு வரல, அப்புறம் குடிதான் சண்டைதான். ஒரு ராத்திரி பெரியவரு கேப்பாரு, நாம இங்க மாட்டி எவ்வளவு நாளாச்சு, அஞ்சு வாரமா, ரெண்டு நாளான்னு. அவனுக்கும் தெரியாது, பாக்குற நமக்கும் தெரியாது. எது நிஜம்னு சொல்ல அங்க மூணாவது ஆள் இல்ல. பயமே அதுதாங்க, இதுக்கு மேல பேய் எதுக்கு?

இதுக்குப் பின்னாடி நிஜத்துல நடந்த ஒண்ணு இருக்கு. 1801ல பிரிட்டன்ல வேல்ஸ் பக்கம் கடலுக்குள்ள ஸ்மால்ஸ்னு ஒரு பாறை, அது மேல மரக்கால் போட்டு நிறுத்தின விளக்கு, காவலுக்கு ரெண்டு பேரு, ரெண்டு பேர் பேருமே தாமஸ். ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். அதுல தாமஸ் கிரிஃபித் செத்துப்போறாரு. பிணத்தைக் கடல்ல போட்டா கொலைப்பழி நம்ம மேல விழுமேன்னு பயந்த தாமஸ் ஹோவெல், கைக்குக் கிடைச்ச பலகையில பெட்டி செஞ்சு, பிணத்தை அதுல வச்சு வெளியில கட்டி வைக்கிறாரு. புயல் காத்து அந்தப் பெட்டியையும் உடைச்சிடுச்சு. ஆனாலும் அந்த மனுஷன் விளக்கை அணைய விடல, கரைக்கு வந்தப்போ பழகினவங்களுக்கே அவரை அடையாளம் தெரியலையாம். அதுக்கப்புறம்தான் அங்க மூணு பேரைக் காவலுக்குப் போட ஆரம்பிச்சாங்க.

தனிமைன்னா தீவுதான் வேணும்னும் இல்ல. 1965ல ரோமன் போலன்ஸ்கி எடுத்த 'ரிபல்ஷன்' லண்டன்ல ஒரு ஃபிளாட்டுக்குள்ளதான் நடக்குது, வெளிய ஜே ஜேன்னு ஊர், கதவைத் தட்டவும் ஆள் வருது. அக்கா ஊருக்குப் போனதும் நாயகி கேத்தரின் டெனூவ் தனியா இருக்கா, அவ கண்ணுக்கு சுவர் விரிசல் விடுது, சுவருக்குள்ள இருந்து கை நீளுது. ஆனா அங்க சமைக்காம விட்ட முயல் கறி ஒண்ணு தட்டுலயே அழுகிட்டு இருக்கும், அதைப் பாத்து நாள் ஓடுறது நமக்குப் புரியும். லைட்ஹவுஸ்ல அந்தப் பிடி கூட கிடையாது. அதனாலயே எனக்கு அது இன்னும் பெரிய படம்.

கருப்பு வெள்ளை, கிட்டத்தட்ட சதுரமான ஃபிரேம், அந்தச் சின்ன பெட்டிக்குள்ள ரெண்டு முகம் முட்டிக்கிட்டு நிக்கும், பக்கத்துல கடல் கூட தெரியாது. இதையெல்லாம் எழுதாம ஸ்லோன்னு மட்டும் சொன்னா புதுசா பாக்க வர்ற பசங்க எப்படி பாப்பாங்க? இந்த மாதிரி படங்களுக்கு ஒரு முழுப் பக்கம் குடுங்க சார். பாக்கப்போற வாசகர்கள் தயவுசெஞ்சு நல்ல ஹெட்போன் போட்டுக்கோங்க, படம் முழுக்க அடிச்சுக்கிட்டே இருக்கிற மூடுபனிச் சங்கு (பனிமூட்டத்துல கப்பல்களை எச்சரிக்க ஊதுறது) சத்தம் போன் ஸ்பீக்கர்ல சரியாவே கேக்காது.

இப்படிக்கு,
உங்க வாசகர்