கடலுக்குப் போகிறவர்கள் கரை மணலையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கமிருந்து வேன் பிடித்து ராமேஸ்வரம், திருச்செந்தூர் என்று ஜனம் கிளம்ப ஆரம்பித்துவிட்டது. உங்கள் கோடைச் சுற்றுலா இணைப்பிலும் எந்தக் கோயிலில் எத்தனை மணிக்கு நடை திறப்பார்கள், எங்கே தங்கலாம், எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்று எல்லாம் வந்திருக்கிறது, ஆனால் அந்தக் கரைகளில் இந்த வெயிலிலும் பூத்துக் கிடக்கிற பூக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நமக்குக் கடல் கிடையாது. அதனால் கடலைக் கண்டதும் பொடுசுகள் முதல் பெரியவர்கள் வரை நேராக அலைக்குத்தான் ஓடுவோம். அலைக்குப் போகிற வழியில் மிதித்துக்கொண்டு போகிறோமே அந்த மணல்மேடு, அதில் நின்று கொஞ்சம் குனிந்து பாருங்கள். தனுஷ்கோடிப் பக்கம் சாலையை விட்டு இறங்கியதுமே கண்ணில் படுவது அடும்பு. அடப்பங்கொடி என்றும் சொல்வார்கள். இலை நடுவில் பிளந்து வெள்ளாட்டுக் குளம்பு பதிந்தது போலவே இருக்கும், ஆடு வைத்திருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தரம் காட்டினால் போதும், மறக்கவே மாட்டார்கள். பூ ஊதாவும் ரோஸும் கலந்த நிறம், புனல் வடிவம். எங்கள் சின்னவன் பார்த்ததும் "இது நம்ம வாய்க்கால் மேட்டுல இருக்கறதுதானே" என்றான். அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நொய்யல் கரையிலும் குளங்களிலும் மண்டிக் கிடக்கிற நெய்வேலிக் காட்டாமணக்கும் அடும்பும் ஒரே இனம், சக்கரவள்ளிக் கிழங்கும் அந்த வகையறாதான். ஆனால் காட்டாமணக்கு அமெரிக்கப் பக்கமிருந்து வந்து நம் நீர்நிலைகளை அடைத்துக்கொண்டது, அடும்போ காலகாலமாக நம் கரையைக் காத்து வருவது.

காலையில் போனால்தான் பூவைப் பார்க்கலாம். அங்கே சங்கு மாலை விற்கிற அக்காதான் சொன்னார், "வெள்ளன வாங்கம்மா, மத்தியானம் சுருங்கிரும்" என்று. அதேபோல உச்சி வெயிலில் அத்தனையும் சுருண்டுபோய்த்தான் கிடந்தது. அந்தப் பூவுக்கு ஆயுள் ஒரே நாள், மறுநாள் வேறு மொட்டு விரியும். காய்க்குள் நான்கு விதை, பழுப்பாக, தொட்டால் வெல்வெட் மாதிரி ரோமம். அந்த விதை உப்புத் தண்ணீரில் மிதந்து போய் வேறு கரையில் ஒதுங்கி முளைக்கும், அதனால்தான் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் இதே கொடி இருக்கிறது.

பக்கத்திலேயே ராவணன் மீசை இருக்கும், ஊசி ஊசியான விறைப்பான புல், வெறுங்காலோடு போனால் குத்திவிடும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் கதிர் முள்ளுப் பந்தாகக் காய்ந்து உடைந்து, காற்றடிக்கிற திசையில் மணலில் உருண்டு ஓடும். பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் அதன் பின்னால் ஓடவிட்டுப் பாருங்கள், செல்போனைத் தேடவே மாட்டார்கள். அப்புறம் எருக்கு, நெருஞ்சி எல்லாம் நமக்குத் தெரிந்தவை. நாம் சுடுகாட்டு மல்லி என்று வீட்டுப் பக்கம் சேர்க்காத நித்தியகல்யாணி அங்கே மணலில் தன்னாலே பூத்து நிற்கும். புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிற செடி அது.

இவ்வளவு சொல்லக் காரணம், போன கோடையில் அங்கே பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. ஒரு வேனை மணல்மேட்டின் மேலேயே ஏற்றி நிறுத்தி, அடும்புக் கொடியை வாரிச் சுருட்டி ஓரமாக எறிந்துவிட்டு, அந்த இடத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சைக் கேட்டாலே தெரிந்தது, நம் பக்கத்துக்காரர்கள்தான். எனக்கு ரொம்ப வேதனையாகப் போய்விட்டது. அந்தக் கொடி 10 மீட்டருக்கு மேலும் ஓடும், கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்து வைக்கும். கொடி போனால் காற்று மணலை வாரிக்கொண்டு போகும், மேடு கரையும். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் நின்றுகொண்டா இதைச் செய்வது? மணல்மேட்டைக் கலைக்கக் கூடாது என்று கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியே இருக்கிறது, 2011 அறிவிக்கையிலும் இருந்தது, 2019-இலும் இருக்கிறது. விதி இருந்து என்ன, அங்கே நிற்கிறவர்களுக்குக் காலடியில் இருப்பது என்னவென்று தெரிய வேண்டாமா?

நாம் பூவின் அருமை தெரியாதவர்களா என்ன? பொங்கலுக்கு ஆவாரையும் பூளையும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டுகிறோம், பூப்பறிக்கிற நோம்பி என்று காட்டுப்பூ பறிக்கவே ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அந்த ஆசையோடு கடற்கரைக்கும் போங்கள். பறிக்க மட்டும் வேண்டாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வார இணைப்பில் அடும்பு, ராவணன் மீசை இரண்டின் படத்தையாவது பெயரோடு போடுங்கள், அரைப் பக்கம் போதும். வேன் ஓட்டுகிற அண்ணன்மார்களுக்கும் சொல்கிறேன், வண்டியைத் தார்ச்சாலையிலேயே நிறுத்துங்கள், எங்கள் ஆட்கள் நூறடி நடக்க மாட்டோம் என்று சொன்னாலும் மணலில் இறக்காதீர்கள். காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருகிற மாதிரி ராத்திரியே கிளம்பிவிட்டால் பூவையும் பார்க்கலாம், வெயிலுக்கு முன்னால் குளித்தும் முடிக்கலாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
தாராபுரம்.