ஒரே ஒரு தோட்டாக்கூடு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் இதே பகுதியில் வாசகர் ஒருவர், துப்பாக்கியெல்லாம் அமெரிக்காக்காரன் தலைவலி, நம் சிங்கப்பூரில்தான் தூக்கு இருக்கிறதே, ஐநா ஒப்பந்தமெல்லாம் நமக்கெதற்கு என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதியை நானும் ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நம் சட்டம் கடுமையானதுதான். 1973ல் வந்த ஆயுதக் குற்றங்கள் சட்டப்படி ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கில் சுட்டால், குண்டு யார் மேலும் படாவிட்டாலும் மரண தண்டனை. உரிமமில்லாமல் கையில் வைத்திருந்தாலே ஐந்து முதல் பத்தாண்டுச் சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. மூன்று துப்பாக்கி வைத்திருந்தால் ஆயுதக் கடத்தல்காரன் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லையென்று நிரூபிப்பது அவன் பாடு. என் அப்பா சின்ன வயதில் பார்த்த சிங்கப்பூரில் துப்பாக்கியோடு கொள்ளையடிக்கும் கும்பல்கள் இருந்தன. காப்பிக்கடையில் அவரும் சிநேகிதர்களும் அந்தப் பெயர்களைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். என் பிள்ளைகளுக்கு அது சினிமாக் கதை மாதிரி. சரி, அந்தப் பெருமை இருக்கட்டும். ஆனால் 2006ல் சிராங்கூனில் ஒரு மனிதரை அவர் வீட்டுக்குள்ளேயே வைத்துச் சுட்டுக் கொன்றார்களே, அந்த பெரெட்டா துப்பாக்கி இங்கே செய்ததா என்ன? சுட்டவனை 2009ல் தூக்கிலிட்டாகிவிட்டது. ஒரு துப்பாக்கி எத்தனை கை மாறி இந்தத் தீவுக்குள் வந்து சேர்கிறது என்பதை நம் சட்டம் மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது.

தேசிய சேவை என்ற கட்டாய ராணுவ சேவை செய்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். ஆர்ம்ஸ்கோட் எனும் ஆயுதக் கிடங்கின் கம்பிச் சன்னல் முன்னால் வரிசையில் நின்று, எண்ணைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுத்தான் ரைஃபிளை வாங்க வேண்டும். (அந்த 'கோட்' நம்ம கோட்டைதான் என்று எங்கள் சார்ஜன்ட் சாதிப்பார், யாரும் மறுத்துப் பேசியதில்லை.) என் காலத்தில் எம்16, என் மகனுக்கு எஸ்ஏஆர் 21. சுடுதளத்தில் பயிற்சி முடிந்ததும் பைகளைத் திறந்து காட்டி, குண்டும் இல்லை, வெறும் கூடும் இல்லை சார் என்று ஒவ்வொருவனும் உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு நாள் எண்ணிக்கையில் ஒரே ஒரு தோட்டாக்கூடு குறைந்தது. சுட்டு முடித்த வெறும் பித்தளை, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதற்காக எங்கள் பிளாட்டூன் மொத்தமும் டார்ச் வெளிச்சத்தில் முட்டிபோட்டுப் புல்லை விரலால் கோதிக்கொண்டே போனோம், மூன்று மணி நேரம், கொசுக்கடி வேறு. அன்றைக்கு நான் திட்டாத ஆளில்லை.

உலக அளவில் கேட்பதும் ஏறக்குறைய இந்த மாதிரிக் கணக்கைத்தான், இதைவிடக் குறைவாகவே கேட்கிறார்கள். 2001ல் ஐநா பொதுச்சபை ஏற்று 2005ல் நடப்புக்கு வந்த துப்பாக்கி உடன்படிக்கை, தயாரிக்கும்போதும் இறக்குமதி செய்யும்போதும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் அடையாளம் பொறி, பதிவேட்டைக் குறைந்தது பத்து வருஷம் வை என்கிறது. 2013 ஏப்ரலில் ஆயுத வணிக ஒப்பந்தம் ஐநாவில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 154 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை ஈரான், வடகொரியா, சிரியா மூன்றே. வாக்களிக்காமல் விலகி நின்ற 23 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. உன் ஆயுதம் யார் கைக்குப் போகிறது, எதற்குப் பயன்படும் என்று விசாரித்துவிட்டு விற்பனை செய் என்பதுதான் அதன் சாரம்.

ஐநா வந்து வீட்டுத் துப்பாக்கியைப் பிடுங்கப் போகிறது என்று அமெரிக்காவில் கிளப்பிவிட்டார்களே, அது சுத்தப் புரளி. சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பதையும் விளையாட்டுக்குப் பயன்படுத்துவதையும் ஏற்றுக்கொள்வதாக ஒப்பந்தத்தின் முகவுரையிலேயே இருக்கிறது. இருந்தும் அங்குள்ள துப்பாக்கி உரிமையாளர் சங்கம் விடவில்லை. 2019ல் டிரம்ப் அந்தச் சங்கத்தின் மாநாட்டு மேடையிலேயே, அமெரிக்கா போட்ட கையெழுத்தை விலக்கிக்கொள்வதாக அறிவித்தார். இத்தனைக்கும் 2017 கடைசியில் எடுத்த மதிப்பீட்டின்படி உலகில் இருந்த ஒரு பில்லியன் துப்பாக்கிகளில் 857 மில்லியன் பொதுமக்களிடம்தான், அதில் 393 மில்லியன் அமெரிக்காவில். பக்கத்து மெக்சிகோவில் சட்டப்படி துப்பாக்கி விற்கும் கடைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதையும் ராணுவமே நடத்துகிறது. ஆனாலும் எல்லை தாண்டி வரும் துப்பாக்கியில் அந்த நாடு செத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் மேல் மெக்சிகோ வழக்குப் போட்டுப் பார்த்தது, 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. தன் வீட்டில் மட்டும் கண்டிப்பாக இருந்தால் போதும் என்று நினைக்கும் வாசகர் இந்த ஒரு நாட்டையாவது யோசித்துப் பார்க்கட்டும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2023 அக்டோபரில் பேங்காக் சியாம் பாராகனில் சுட்டவன் பதினான்கு வயதுப் பையன், கையில் இருந்தது, சத்தம் மட்டும் எழுப்பும் வெற்று வெடித் துப்பாக்கியை நிஜக் குண்டு சுடும்படி மாற்றியமைத்தது. பள்ளி விடுமுறை வந்தால் நம் ஆட்கள் பாதிப் பேர் அந்தக் கடைத்தொகுதியில்தான் நிற்கிறோம்.

இனி என் குறை. மேற்சொன்ன வணிக ஒப்பந்தத்தில், விற்கும் முன் விசாரி என்ற இடத்தில் தோட்டாவும் சேர்த்தி. பதிவேடு வை, வருஷா வருஷம் கணக்குக் காட்டு என்ற இடத்துக்கு வந்தால் தோட்டாவைக் காணோம்! 2023 டிசம்பரில்தான் தோட்டாவுக்கென்று ஒரு வழிகாட்டித் திட்டத்தை ஐநா பொதுச்சபை ஏற்றது, அதுவும் விரும்பினால் செய்யலாம் என்ற ரகம். ஒரு வெறும் கூட்டுக்காகப் புல்லில் தவழ்ந்தவனுக்கு இது எரிச்சலாக இருக்காதா, சொல்லுங்கள்.

நம் பங்குக்கு என்ன செய்தோம்? 2021ல் புதுச் சட்டம் கொண்டுவந்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் துப்பாக்கி செய்வதற்கான மின்னிலக்க வரைபடத்தை அனுமதியில்லாமல் வைத்திருப்பதையே குற்றமாக்கினோம். கெட்டிக்காரத்தனம்தான், பல நாடுகள் இன்னும் அங்கே வரவில்லை. ஆனால் ஆயுத வணிக ஒப்பந்தத்தில் 2014 டிசம்பரில் கையெழுத்துப் போட்டதோடு சரி, அதை உறுதிப்படுத்தி முழு உறுப்பினராகவில்லை. ஆயுதம் தயாரித்து விற்கவும் செய்கிற, கப்பல் போக்குவரத்தில் பேர்போன துறைமுக நாடு இதில் ஏன் தயங்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நாடாளுமன்றத்தில் யாராவது இதைக் கேள்வியாகக் கேட்டால் பதிலையும் உங்கள் பத்திரிகையில் முழுதாகப் போடுங்கள்.

அப்புறம், அந்தக் கூடு கிடைத்தது. எங்களில் ஒருவனுடைய சட்டைக் கை மடிப்புக்குள் இருந்தது, லாரியில் ஏறும்போது கீழே விழுந்தது.

இப்படிக்கு,
முன்னாள் போர்க்காலப் படைவீரர்,
ஈசூன்